கோயில் வண்டியை விற்பதற்கு முன்: பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பரிபாலன சபையினருக்கும், குளிர்காலப் பணியில் என்னோடு நிற்கும் தொண்டர்களுக்கும் வணக்கம்.

ரொறன்ரோவுக்கு வெளியே இருக்கும் எங்கள் கோயிலில் உப்பு மூட்டைகளையும் குப்பைப் பைகளையும் ஏற்றி இறக்கும் சிறிய பெற்றோல் வண்டி குளிரில் ஸ்ராட் ஆவதில்லை என்பதால், அதை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாம் என்று கடந்த கூட்டத்தில் பேசப்பட்டது. திருவெம்பாவை நாள்களில் விடிய ஐந்து மணிக்கு வண்டி கிளம்பாமல் நின்றதையும், படிகளுக்கு உப்புப் போடப் பிந்தியதால் வயதான ஓர் அம்மா வழுக்கி விழுந்ததையும் நானும் கண்டேன். உங்கள் கவலை என்னுடையதும்தான். ஆயினும் இயந்திரத்தில் பெரிய பழுது எதுவும் இல்லை என்பதை அளந்து பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

இரண்டு குளிர்காலங்களில் இரண்டு பற்றறிகள் வாங்கிவிட்டோம். குளிரில் பற்றறி தளர்வது உண்மைதான். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் அது ஏறக்குறையப் பாதிச் சக்தியையே கொடுக்கும். ஆனால் எங்கள் பற்றறியில் குறை இல்லை. பூச்சியத்துக்குக் கீழே 14 பாகையாக இருந்த ஒரு காலையில் அளந்தபோது, ஓய்வில் 12.5 வோல்ற்று இருந்தது. மிதியை அழுத்தி, இயந்திரத்தைச் சுழற்றிவிடும் மோட்டாரான ஸ்ராட்டர் சுழன்றபோது பற்றறியின் முனைகளில் 10.8 வோல்ற்று நின்றது, ஸ்ராட்டரில் 8.9 மட்டுமே. அதாவது 1.9 வோல்ற்று வழியிலேயே தொலைகிறது. அதில் 1.4 வோல்ற்று, பற்றறியின் எதிர்முனையிலிருந்து (மைனஸ் முனை) சட்டகத்துக்குப் போகும் தடித்த வயரில் தொலைகிறது. அந்த வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தபோது பச்சையாகப் பூத்து, செப்பிழைகள் பொடியாக உதிர்ந்தன. நாள்தோறும் உப்பு ஏற்றும் வண்டியைக் குளிர்காலம் முழுவதும் ஒரு தடவைகூடக் கழுவாமல் விட்டால் வேறென்ன நடக்கும்? தடித்த ஜம்பர் வயர் ஒன்றைப் பற்றறியின் எதிர்முனையிலிருந்து இயந்திரத்தின் உடலுக்குத் தற்காலிகமாக இணைத்ததும், அதே குளிரில், அதே பற்றறியில் ஸ்ராட்டர் விறுவிறுவென்று சுழன்றது.

சுழன்றும் இயந்திரம் பற்றவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் பிளக்கைக் கழற்றினால் அது காய்ந்து கிடந்தது. பெற்றோல் அங்கே போய்ச் சேரவில்லை என்பதற்கு அது அடையாளம். குளிரில் ஸ்ராட் செய்யும்போது காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுவது சோக். அதன் கம்பி இறுகிப் போய், பிடியை முழுவதும் இழுத்தாலும், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் கார்பரேற்றரின் வாயில் உள்ள தகடு பாதிதான் மூடியது. பெற்றோல் பம்பை இயக்குவது இயந்திரத்தின் அடிப்பெட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வரும் காற்றுத்துடிப்பு. அந்தக் குழாயும் வெடித்திருந்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை பெற்றோலில்தான் இருந்தது. கொட்டகையில் இருக்கும் கலன் ஓகஸ்ட் மாதம் நிரப்பியது. கோடைக்கு விற்கும் பெற்றோல் இலகுவில் ஆவியாகாதபடி தயாரிக்கப்படுகிறது. குளிர்காலத்துக்கு விற்பது இலகுவில் ஆவியாவது. மாதக்கணக்கில் வைத்திருந்தால், கோடைப் பெற்றோலில் இருக்கும் கொஞ்ச இலேசான பகுதியும் பறந்துவிடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் எங்கள் சபையிலேயே பலர் இருக்கிறார்கள். ஸ்ராட் செய்வதற்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோலை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சொட்டுகள் ஆவியாகிப் பற்றிய பிறகுதான் மண்ணெண்ணெய் வேலை செய்தது. ஓகஸ்ட் பெற்றோலை ஜனவரியில் ஊற்றும்போது, அந்தச் சொட்டுகள் இல்லாமலே ஸ்ராட் செய்யப் பார்க்கிறோம். நான் கலனை ஒதுக்கிவிட்டு, புதிய பெற்றோல் ஊற்றி, குழாயை மாற்றி, சோக் தகட்டைக் கையால் மூடியபோது, மூன்றாம் சுழற்சியில் இயந்திரம் பற்றிக்கொண்டது.

ஆகவே சபையிடம் நான் கேட்பது புதிய வண்டி அல்ல. புதிய எதிர்முனை வயர், புதிய சோக் கம்பி, புதிய பிளக் ஆகியவற்றை வாங்க அனுமதி தாருங்கள். இயந்திரத்தில் இருக்கும் ஒயில் கோடைக்குரிய தடித்த 30 இலக்க ஒயில். குளிரில் அது பாகுபோல் இறுகுவதால், குளிரிலும் இளகியிருக்கும் 5டபிள்யூ-30 ஒயிலுக்கு மாற்ற வேண்டும். கொட்டகைக்கு ஒரு மின் சொக்கற் போட்டுத் தந்தால், பற்றறியை இரவில் மெதுவாகச் சார்ஜ் செய்யும் கருவியை மாட்டிவிடலாம். இந்த வண்டியின் இயந்திரம் மிதியை விட்டதும் நின்றுவிடும், அழுத்தினால்தான் மறுபடி ஸ்ராட் ஆகும். ஐம்பது யார் தூரம் ஓடி நின்று, மறுபடி ஐம்பது யார் தூரம் ஓடும் வேலையில், ஒவ்வொரு ஸ்ராட்டிலும் பற்றறியிலிருந்து போகும் சக்தியை இயந்திரம் திரும்பச் சேர்ப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடுகிறது. இறங்கிப்போன பற்றறி கடுங்குளிரில் உறைந்து வெடிக்கவும் கூடும்.

தொண்டர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஸ்ராட் செய்ய உதவும் ஸ்பிறேயை அடிக்காதீர்கள். அது சிலிண்டரில் உள்ள ஒயிலைக் கழுவிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். வண்டியைக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் சூடாக்காதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, மூடிய கொட்டகையில் அது சில நிமிடங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

அனுமதி கிடைத்தால் வருகிற சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வேலையைத் தொடங்குகிறேன். விளக்குப் பிடிக்கவும் வேலை பழகவும் விரும்பும் இரண்டு இளைஞர்கள் வந்தால் உதவியாக இருக்கும். வயர் முனைகளைக் கழுவி கிறீஸ் பூசும் வேலையை அவர்களிடமே ஒப்படைக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
குளிர்காலத் தொண்டர் ஒருவர்