வாரத்துக்கு ஒன்றா, தினமும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு சேர்ந்தாற்போல் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். போன தை மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு தனியார் லேப் முகாம் போட்டது. வைட்டமின், இரும்பு, கால்சியம் என்று எழுபதுக்கும் மேலே டெஸ்ட், பாதி விலை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். நானும் என் மாமியாரும் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தோம். மறுநாள் வாட்ஸ்அப்பில் பதினாலு பக்க ரிப்போர்ட் வந்தது. முழுக்க ஆங்கிலம். அத்தைக்கு வைட்டமின் டி 11 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

ரிப்போர்ட் சொன்னதில் தப்பில்லை. 20-க்குக் கீழே போனாலே குறைவு என்கிறார்கள். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடமாகக் காலையில் பட்டறைக்குள் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். பற்றவைக்கிற இடத்தில் காற்று ஆகாது என்று ஜன்னலும் சாத்தியே இருக்கும். வெயில் எங்கே படும்?

தப்பு அப்புறம்தான் நடந்தது. ரிப்போர்ட்டை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் காட்டினோம். 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. அத்தை பிரஷர் மாத்திரை போட்ட கையோடு தினமும் ராத்திரி ஒன்றைப் பாலில் கலக்கிக் குடித்தார். தீரத் தீர வாங்கி வந்தது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

இரண்டு மாதம் ஓடியிருக்கும். முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றார். பிறகு மலச்சிக்கல், ஓயாத தாகம், வாந்தி. இன்றைக்கு என்ன கிழமை என்றே தெரியாமல் பேச ஆரம்பித்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் கால்சியம் 13.6. சாதாரணமாக 8.5 முதல் 10.5 வரைதான் இருக்க வேண்டும். நான் கொண்டுபோன மருந்துப் பையில் காலிப் பாக்கெட்டுகளைப் பார்த்ததுமே டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டி வைட்டமின் கொழுப்பில் கரைவது, மிஞ்சினால் லேசில் வெளியேறாது, உடம்பிலேயே தங்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும் என்றார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 800 யூனிட் போதுமாம். ஆறு நாள் சலைன் ஏற்றித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

முகாம் ரிப்போர்ட்டில் அவருக்குக் கால்சியம் 9.2 என்று இருந்தது. அதை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்தோம். அதுவும் சரியில்லை. உடம்பிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும்தான். ரத்தத்தில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து உடம்பு ஈடுகட்டிக்கொள்ளும்.

எனக்கு ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பதால் குறை இல்லை என்று வந்தது. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அத்தையைப் பார்த்த டாக்டர் என் மாதவிடாய் பற்றி விசாரித்துவிட்டு ஃபெரிடின் என்று, உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுகிற டெஸ்ட் ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தார். 8 வந்தது, ரொம்பக் குறைவு. சேமிப்பில் உள்ள இரும்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்குமாம். எழுபது டெஸ்ட்டில் அந்த ஒன்று இல்லை! இருந்தது சீரம் அயர்ன், அதாவது ரத்தத்தில் ஓடுகிற இரும்பு; ஒரே நாளில் ஏறி இறங்குகிற அளவு. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள் என்றும் அவர் சொன்னார். ஏற்காட்டுக் காபி குடித்தே வளர்ந்தவள் நான், இது எனக்குத் தெரியாது.

முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாம் நடக்கும் இடத்தில் ஒரு டாக்டரை உட்கார வையுங்கள். என்ன தொந்தரவு, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு எது தேவையோ அதை மட்டும் எடுக்கச் சொல்லட்டும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தையாவது தமிழில் கொடுங்கள். மெடிக்கல் ஷாப்காரர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் 60,000 யூனிட் பாக்கெட்டைக் கொடுக்கக் கூடாது. சீட்டோடு கொடுக்கும்போதும் கவர்மேல் 'வாரம் 1' என்று பெரிதாக எழுத வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆடி பிறந்ததும் பக்கத்துத் தெருவில் இன்னொரு முகாம் என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவதாபுரம், சேலம்.