ஹம்மிங் பாடியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் உருவான கதையை வெளியிட்டிருந்தீர்கள். ஒரு ராக் ஆல்பத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. கட்டுரையாளர் நன்றாக உழைத்திருக்கிறார். ஆல்பம் வெளிவந்தது 1973 மார்ச்சில் என்றாலும், 1972 ஜனவரியிலிருந்தே அந்தப் பாட்டுகளை மேடையில் வாசித்து வாசித்துப் பதம் பார்த்தார்கள் என்பதை எழுதியிருந்தார். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ், பழைய கடிகாரங்கள் விற்கும் கடைக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வந்ததும், குழுவினர் காசு விழும் சத்தத்தையும் காகிதம் கிழியும் சத்தத்தையும் டேப்பில் அளந்து வெட்டி ஒட்டித் தாளமாகவே ஆக்கியதும் படிக்கப் படிக்க அலுக்கவில்லை.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. அந்த ஆல்பத்தின் இசைத்தட்டில் முதல் பக்கம் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்ற பாட்டோடு முடிகிறது. அதைப் பற்றி வரும்போது, 'ஒரு பெண்ணின் குரல் கேட்பவரை உருக வைக்கிறது' என்று ஒரே வரியில் கடந்து போய்விட்டார். அந்தப் பெண்ணின் பெயர் கிளேர் டோரி. கடிகாரத்துக்கு ஒரு பத்தி கிடைத்த கட்டுரையில் அவருக்கு ஒரு பெயராவது கிடைத்திருக்க வேண்டாமா?

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். கேசட் காலத்தில் ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு, கிறிஸ்துமஸுக்கு ஏசு பாட்டு, தேர்தல் வந்தால் பிரசாரப் பாட்டு என்று கோரஸ் பாடியவள். அதனால் கிளேர் டோரியின் கதை எனக்கு எங்கோ நடந்த கதையாகப் படவில்லை.

அவருக்கு அப்போது 25 வயது. கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வரும் பாடகி. பார்சன்ஸ்தான் அவர் பெயரைச் சொன்னார். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் வாசித்த பியானோ கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தயாராக இருந்தன. அதன்மேல் பாட ஒரு மெட்டும் இல்லை, ஒரு வரியும் இல்லை. சாவைப் பற்றிய பாட்டு என்று மட்டும் சொன்னார்கள். அவர் முதலில் வழக்கம்போல 'ஓ பேபி' என்று எடுத்திருக்கிறார். சொல்லே வேண்டாம் என்றார்கள். சரி, குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்வோம் என்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று டேக் பாடினார். சம்பளம் 30 பவுண்டு. ஞாயிறு என்பதால் இரட்டைச் சம்பளம், அவ்வளவுதான்! தான் பாடியதைச் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கைகூட அவருக்கு இல்லை. பிறகு கடையில் ஆல்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் என் அக்கா மகன். கிடார் வாசிப்பவன். அவன் தன் ஹெட்போனைக் கொடுத்து அந்தப் பாட்டைக் கேட்கச் சொன்னபோது, மொழி தெரியாத எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்தவுடன் வாய்விட்டுக் கதறல். பாதிக்கு மேல் தொண்டை அடங்கி, முனகலாகி, கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சுகிறது. எங்கள் பகுதியில் சாவு வீட்டில் வளர்ந்த காது எல்லோருக்கும் உண்டு. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பாட்டு தீர்ந்த இடத்திலும் ராகம் மட்டும் நிற்காமல் போகும். ராத்திரி முழுக்க மரண கானா பாடுகிறவர்களுக்கும் இது தெரியும். அங்கேயும் யாரும் மெட்டை எழுதிக் கொடுப்பதில்லை. பாடுகிறவர்தான் அந்த நேரத்தில் அதைக் கட்டுகிறார்.

ஆனால் 'இசை ரிச்சர்ட் ரைட்' என்று மட்டும்தான் அந்தப் பாட்டுக்குப் போட்டார்கள். இதில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிளேர் டோரி பாடினார் என்பதை அட்டையில் மறைக்கவில்லை. டோரிஸ் டிராய், லெஸ்லி டங்கன், லிசா ஸ்ட்ரைக், பேரி செயின்ட் ஜான் என்று கோரஸ் பாடிய நான்கு பெண்களின் பெயரும் இருந்தது. சாக்ஸபோன் வாசித்த டிக் பாரி பெயரும் இருந்தது. கோரஸ்காரர்களை இப்படிப் பெயர் சொல்லி அச்சடித்த அட்டையை நான் என் கையில் பிடித்ததே இல்லை. இருந்தும் டோரியின் கேள்வி வேறு. கோர்டு உங்களுடையது, அதன்மேல் வந்த மெட்டு முழுக்க என் வாயிலிருந்து வந்தது, அப்படியானால் அந்தப் பாட்டை நானும்தானே உருவாக்கினேன்? இதைக் கேட்டு அவர் 2004-இல் வழக்குப் போட்டார். 2005-இல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு வரும் பதிப்புகளில் 'ரைட், டோரி' என்று இரண்டு பெயர் இருக்கிறது. பாடிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 32 வருஷம்.

அதற்குள் அந்த ஆல்பம் எங்கேயோ போய்விட்டது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் அந்தப் பட்டியலில் மொத்தம் 700 வாரங்களுக்கு மேல் இடம் பிடித்தது. உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது. பார்சன்ஸ் பெயர் கிராமி பரிசுப் பரிந்துரைக்குப் போனது. 30 பவுண்டு 30 பவுண்டாகவே இருந்தது.

இங்கே எங்கள் நிலைமையையும் சொல்கிறேன். ஒரு வீட்டு மாடியில் ஸ்டூடியோ. டேக் போகும்போது சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஒரே மைக்கைச் சுற்றி மூன்று பெண்கள் நிற்போம். குரல் கனமானவள் ஓரடி பின்னால். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, இன்னொரு காதால் பக்கத்தில் பாடுகிறவளைக் கேட்டுச் சேர வேண்டும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இடம் காலியாக இருந்தால், "அக்கா, இங்க ஒரு ஹம்மிங் குடுங்க, நீங்களே பாத்துப் போடுங்க" என்பார்கள். போடுவோம். அந்த வருஷம் முழுக்கக் கோயில் ஸ்பீக்கரில் அந்த ஹம்மிங்தான் தெருவையே நிறைக்கும். குழந்தைகள் அதைத்தான் முணுமுணுக்கும். வேலை முடிந்ததும் வவுச்சரில் கையெழுத்து, கையில் ஒரு கவர். கேசட் அட்டையில் இசையமைப்பாளர் இருப்பார், கவிஞர் இருப்பார், தயாரிப்பாளரின் படமே இருக்கும். நாங்கள் 'குழுவினர்'. டோலக்கும் பம்பையும் வாசித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. ஒருமுறை நான் போட்ட ஹம்மிங் வேறொரு கேசட்டில் அப்படியே வந்தது. யாரைப் போய்க் கேட்பது?

இது பழைய கதை என்று விட்டுவிடலாம். ஆனால் இப்போது வடசென்னையில் பையன்களும் பெண்களும் கிடாரோடு கானாவைச் சேர்த்து ஆல்பம் போடுகிறார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது மேடையில் 19 பேர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவில் சட்டி, கட்ட மோளம், பறை வாசித்தவர்கள், டிரம்ஸும் கிடாரும் வாசித்தவர்களுக்குச் சமமாக, குழுவின் ஆட்களாகவே நின்றார்கள். எனக்கு அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான். ராயபுரத்து இசைவாணி அந்தக் குழுவில் பாடியவர்; 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது எங்கள் பக்கமே பெருமைப்பட்டது. ஆண்களே பாடிக்கொண்டிருந்த கானாவில் ஒரு பெண்ணின் பெயர் அவ்வளவு தூரம் போயிற்று.

எல்லாப் பதிவிலும் அப்படி நடக்கிறதா என்றால் இல்லை. வீட்டிலேயே பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகிற பாட்டுகளில் பாடுகிறவர் பெயரும் எடிட் செய்தவர் பெயரும் இருக்கின்றன. சட்டி அடித்தவரைத் தேடினால் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் 'இது இன்னார் பாடியது, இன்னார் வாசித்தது' என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டியில் பங்கும் உண்டு. எங்கள் தெருவில் பாடுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே அக்கா மகன் சொல்லித்தான் தெரியும்.

அவனுடைய குழு இப்போது முதல் ஆல்பத்துக்குப் பாட்டுகள் செய்துகொண்டிருக்கிறது. ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புவதற்கு முன், எந்த மெட்டு யாருடையது, யார் என்ன வாசித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சண்டை வருமே என்று அவன் யோசித்தான். வரட்டும், அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு வரும் சண்டை நட்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பில் கிளேர் டோரியின் பெயரைச் சொல்லி ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், ஆல்பம் விமர்சனம் எழுதும்போது பாடியவர், இசையமைத்தவரோடு நிறுத்திவிடாமல், வாசித்தவர்கள், கோரஸ் பாடியவர்கள் பெயரையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அட்டையில் இல்லையென்றால் குழுவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம். பத்திரிகைக்காரர் கேட்கிறார் என்றால் அடுத்த முறை அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.