பொருள்: ‘கூட்டமில்லா மோன் சென் மிஷெல்’ ஒருநாள் பயணம் – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரி ஐந்தாவது கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பிரான்ஸில் கடலோரத் தீவுப் பாறைமேல் மடாலயம் நிற்கும் மோன் சென் மிஷெலுக்கு நீங்கள் விற்ற பயணம் பற்றிய இதே விஷயத்துக்காக நான்கு மின்னஞ்சல், ஆறு ஃபோன், உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு நடை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண் ஒன்றுதான் கிடைக்கிறது. பயணத் திட்டம் உங்களுடையது, அதை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது வரியில் ‘மடாலய நுழைவு காலை 11.00, உறுதி’ என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் ‘பாரிஸிலிருந்து பஸ் புறப்பாடு 7.15’. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்தானா? பாரிஸிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர். வழியில் ஒரு டீக்கு நிறுத்தினாலே நாலரை மணி நேரம். பஸ் வந்து நின்றது 11.45க்கு. அதுவும் தீவில் இல்லை, கரையில் இருக்கும் பார்க்கிங்கில். அங்கிருந்து தீவுக்கு இரண்டரை கிலோமீட்டர். இலவச ஷட்டிலுக்கு வரிசை, அது பாலத்தில் இறக்கிவிட்ட பிறகு வாசல் வரை நடை, அதன்பின் மடாலயம் வரை ஏறக்குறைய 350 படி. பார்க்கிங்கில் இறங்கி டிக்கெட் காட்டும் இடத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஒதுக்காமல் யாரும் அங்கே நேரம் குறித்த டிக்கெட் எடுப்பதில்லை, உங்களைத் தவிர. 11 மணி டிக்கெட்டை 12.50க்கு நீட்டிய எங்களை அங்கிருந்த பணியாளர்கள் திட்டாமல் ஓரமாக நிற்கச் சொன்னதே பெரிய விஷயம். உள்ளே போனது 1.40க்கு.

அந்த 350 படியை எந்த வழியாக ஏற்றினார் உங்கள் வழிகாட்டி? கிராண்ட் ரூ வழியாக, நட்டநடுப் பகலில்! தீவில் உள்ள ஊருக்கு அது ஒன்றுதான் பெரிய தெரு. இரண்டு பக்கமும் கடை, நடுவில் நாலு பேர் தோளோடு தோள் நின்றால் அடைந்துபோகும் அகலம். காலை பத்தரையிலிருந்து மாலை நாலு வரை அங்கே நடக்க முடியாது, நகரத்தான் முடியும். ஊர் மதிலில் இருக்கும் அரசர் வாசலைத் தாண்டியதும் வலது கைப் பக்கம் மதில்மேல் ஏறும் படிக்கட்டு இருக்கிறது. அதில் ஏறினால் கடல்காற்றோடு, பாதிக் கூட்டம்கூட இல்லாமல், மடாலயத்தின் பெரிய படிக்கட்டுக்கே போய்விடலாம். கேட்டால் “அந்த வழி ஸ்கெட்யூலில் இல்லை” என்றார்.

இதைத்தான் உங்கள் சேவை மையத்தில் பொறுமையாகச் சொன்னேன். அதற்கு வந்த பதில், எழுத்துக்கு எழுத்து: “கூட்டம் பிடிக்காதவங்க திருவிழாவுக்கு வரக்கூடாது சார்.” சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. திருவிழா என்று போட்டு விற்றிருந்தால் நாங்கள் ஏன் வாங்கப் போகிறோம்? ‘கூட்டமில்லா’ என்ற சொல்லுக்காகத்தானே தலைக்கு 24,000 ரூபாய் கட்டினோம்?

தேதி விஷயத்தை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் நீங்கள் உறுதி செய்து அனுப்பிய நாள் மே 1. ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய மூன்று நாளும் அந்த மடாலயம் மூடியிருக்கும். இதை வாடிக்கையாளர் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். மாற்றிக் கொடுத்ததோ இயேசுவின் விண்ணேற்றப் பண்டிகையான அசென்ஷன் வியாழனை ஒட்டிய சனிக்கிழமை, பிரான்ஸே லீவு போட்டுவிட்டுக் கிளம்பும் வாரக்கடைசி. உங்கள் தவறைத் திருத்த எங்களிடம் மாற்றக் கட்டணம் 6,000.

விளம்பரப் படத்தில் சுற்றிலும் தண்ணீர். நாங்கள் பார்த்தது சாம்பல் நிறச் சேறு. கடல் எவ்வளவு ஏறும் என்பதைக் குறிக்கும் எண் 110-ஐத் தாண்டும் நாட்களில்தான் அந்த இடம் முழுத் தீவாகும். அந்த அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடும். எங்கள் நாளில் அது 52. கேட்டதற்கு, “தீவுன்னா தண்ணி இருக்கத்தானே செய்யும், நீங்க போன நேரம் அப்படி” என்றார் அதே திருவிழா ஆசாமி.

உள்ளே எங்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டு முற்றத்தில், ஒன்றுக்கு ஒன்று நேராக நிற்காமல் இடைவெளி மாற்றி நட்ட அந்த மெல்லிய தூண்களை வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் ஓடியபடியே தாண்டினோம். சிறைச்சாலையாக இருந்த காலத்தில் ஆட்களை உள்ளே நடக்கவிட்டு மூட்டை ஏற்றிய பெரிய சக்கரத்துக்கு இரண்டு நிமிடம். பெட்டிகளைக் கையோடு கொண்டுவரச் சொன்னது நீங்கள். மடாலயத்துக்குள் பெட்டி கூடாது என்பதால் நால்வரில் ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே காவல். நாலு மணிக்கு, கூட்டம் கரையத் தொடங்கிய அதே நேரத்தில், எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள்! மே மாதத்தில் மடாலயம் ஏழு வரை திறந்திருக்கும், கடைசி நுழைவு ஆறு மணி. ஷட்டில் நள்ளிரவு வரை ஓடும். கூட்டத்தைத் தவிர்ப்பதென்றால் கரையிலோ 9 கிலோமீட்டரில் உள்ள போன்தொர்சோன் என்ற ஊரிலோ ஓர் இரவு தங்கவைத்து, காலை ஒன்பதுக்கு முதல் ஆளாக உள்ளே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நாலுக்கு மேல் ஏற்ற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

எங்கள் ஐரோப்பாப் பயணமே இந்த ஒரு நாளுக்காகத்தான். அது மொத்தமாக நாசம். நால்வர் கட்டணம் 96,000, மாற்றக் கட்டணம் 6,000, மன உளைச்சலுக்கு 5 லட்சம் கோருகிறேன். உங்களோடு மல்லுக்கட்டும் எண்ணம் எனக்கு இல்லை. முதல் இரண்டு தொகையைக் கௌரவமாகத் திருப்பித் தந்தால் மூன்றாவதை மறுபரிசீலனை செய்யத் தயார். 15 நாளுக்குள் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சந்திப்போம். பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், டிக்கெட், பஸ் நேரம் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

பதில் எழுத்தில் வேண்டும். தயவுசெய்து அந்தத் திருவிழா ஆசாமியைவிட்டு ஃபோன் செய்ய வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பயணம் செய்த நால்வர் சார்பில்