டைம்-அவுட் வந்தால் முதலில் பிங்

ஆசிரியருக்கு,

ரூட்டர், சுவிட்ச்களின் நிலையை ஸ்கிரிப்ட் மூலம் கேட்டறிவது பற்றிய கட்டுரை பயனுள்ளது. ஆனால், பதில் வராத கருவியைச் செயலிழந்ததாகக் கணக்கிடச் சொல்வது, ஒழுங்காக ஓடும் சுவிட்சைக் கழற்ற வைத்துவிடும். ஸ்கிரிப்ட் கேட்பது எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) வழியாக. அந்தக் கேள்வி, போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாத யு.டி.பி. முறையில் 161-ஆம் போர்ட்டுக்குப் போகிறது. கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி பெயரில் ஓரெழுத்து பிசகினாலும், அனுமதிப் பட்டியலில் நம் சர்வரின் ஐ.பி. இல்லாவிட்டாலும் பெரும்பாலும் மறுப்புகூட வராது, மௌனம்தான். காத்திருந்தும் பதில் வராமல் டைம்-அவுட் ஆனால் ஸ்கிரிப்ட் பிங் (கருவியை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) செய்து பார்க்கட்டும். அதற்குப் பதில் வந்தால் கருவியைத் தொடாமல் எஸ்.என்.எம்.பி. அமைப்பைச் சரிபாருங்கள்.

டிராஃபிக் கணக்கில்தான் பெரிய வில்லங்கம். பலரும் எடுக்கும் இஃப்இன்ஆக்டெட்ஸ் (ifInOctets, உள்ளே வந்த பைட்டுகளின் எண்ணிக்கை) 32 பிட் கவுண்டர். 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் சுமார் 34 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு இடையில் எத்தனை சுற்று போனது என்று எப்படித் தெரியும்? அதே எண்ணிக்கையின் 64 பிட் வடிவமான இஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸைத்தான் (ifHCInOctets) எடுக்க வேண்டும். அது எஸ்.என்.எம்.பி. பதிப்பு 1-இல் கிடைக்காது. 2சி அல்லது 3 தேவை. 2சி-யில் கம்யூனிட்டி பெயர் மறைப்பின்றிப் போகிறது என்பதால், முடிந்தவரை 3-இன் ஆத்பிரிவ் (authPriv, அடையாளச் சரிபார்ப்பும் மறையாக்கமும் சேர்ந்தது) முறையே நல்லது.

இன்டர்ஃபேஸ் (கருவியின் இணைப்புப் புள்ளி) எண்ணை ஸ்கிரிப்ட்டில் நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டாம். ரீபூட்டுக்குப் பின் அது மாறக்கூடும். இஃப்நேம் (ifName, இன்டர்ஃபேஸின் பெயர்) பார்த்து எண்ணைத் தேடுங்கள். சிஸ்அப்டைம் (sysUpTime, கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு) சட்டென்று குறைந்தால் ரீபூட் என்று அலாரம் அடிக்கும் முன் முந்தைய மதிப்பையும் பாருங்கள்: ரீபூட்டே ஆகாவிட்டாலும் 497 நாளில் அது பூஜ்யத்துக்குத் திரும்பும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் நிர்வாகி ஒருவர்