நம் நடையாளர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காலையில் மாடக்குளம் கண்மாய்க் கரையில் பார்த்துவிட்டு மாலையில் மறுபடி இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் செயலாளரின் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா, சந்தா பாக்கி, கரையில் உடைந்த சிமென்ட் பெஞ்சைச் சரிசெய்தது, ஆடி மாதம் நடத்திய கண் பரிசோதனை முகாம் எல்லாம் அவர் கணக்கில் வந்துவிடும். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. அவற்றை இத்தோடு விடுகிறேன். நான் பேச வேண்டியது நடையில் பார்க்கும் பறவைகளை எழுதிவைக்க டீக்கடையில் தொங்கவிட்டிருக்கும் நோட்டைப் பற்றி. அதனால் இன்று உங்கள் முன் வைக்கப்போகும் ஒரு தீர்மானத்தைப் பற்றியும்.

போன பொதுக்குழுவில் நாம் போட்ட தீர்மானம் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். மாடக்குளம் கண்மாய்க் கரையின் உள்சரிவில் மண்டிக்கிடக்கும் புதரையும், தண்ணீர் ஓரத்துச் சம்புக் கோரையையும் முழுக்க வெட்டிச் சுத்தப்படுத்தித் தரவேண்டும் என்று மனு கொடுப்பதாக முடிவெடுத்தோம். பாம்புப் பயம்தான் காரணம். மனுவை நான்தான் எழுதினேன், கையெழுத்தும் நானே வீடு வீடாகப் போய் வாங்கினேன். கொடுத்த இடத்தில் அது அப்படியே கிடந்தது. ஆறு மாதம் நடையாய் நடந்தும் பதில் வரவில்லை என்று அப்போது எனக்குக் கோபம். இன்றைக்கு யோசித்தால், அந்தத் தாமதத்தால்தான் நமக்கு இந்தக் குளிர்காலமே கிடைத்தது.

அக்டோபர் 25 அன்று பெய்த மழையை மதுரைக்காரர்கள் யாரும் லேசில் மறக்க மாட்டார்கள். செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். நமக்கு மூன்று நாள் நடை நின்றது. நான்காம் நாள் கரைக்குப் போனபோது கண்மாயில் தண்ணீர் ஏறியிருந்தது. கரை நெடுகக் கருநீலவரியனும் வெண்புள்ளிக் கருப்பனுமாகப் பட்டாம்பூச்சிகள் மேற்கே நாகமலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. இவை ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர், நவம்பரில் சமவெளியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் திரும்பிப் போகிறவை. நாம் பல வருஷமாக அவற்றின் நடுவே நடந்திருக்கிறோம், கையால் விலக்கிக்கொண்டு. நின்று பார்த்தது இந்த வருஷம்தான்.

நிற்க வைத்தது ஒரு சிறுமி. நம் உறுப்பினர் ஒருவர் பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தியை விடுமுறை நாட்களில் கூட்டிவருவார். கண்மாய்க்கு மேலே கூட்டமாகப் போன பறவைகளை அவர் "கொக்கு போகுது பாரு" என்று காட்டினார். அந்தப் பெண் உடனே, "தாத்தா, அது கொக்கு இல்ல, நாரை. கொக்குன்னா கழுத்தை மடக்கி வச்சுக்கிட்டுப் பறக்கும். இது நீட்டிக்கிட்டுப் போகுது பாருங்க" என்றது. நாங்கள் ஏழு பேர் கழுத்தை அண்ணாந்து பார்த்தோம். அது சொன்னது சரி. அறுபது வருஷமாகப் பார்க்கிற வானத்தில் இந்த வித்தியாசம் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஓட்டை போட்டு, சணல் கட்டி, பேனாவோடு டீக்கடைத் தூணில் தொங்கவிட்டோம். நடை முடிந்து டீ குடிக்கிறவர் பார்த்ததை எழுதிவிட்டுப் போகலாம். பெயர் தெரியவில்லையா, எப்படி இருந்தது, என்ன செய்தது என்று எழுதினால் போதும்.

முதல் வாரத்துப் பக்கங்களை இப்போது புரட்டினால் மனசு நிறைகிறது. "சின்னக் குருவி, வயிறு மஞ்சள், நடக்கும்போது வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு, மடைக்குப் பக்கத்துல" என்று ஒரு குறிப்பு. அது சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கமெல்லாம் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு நம் மடைக்கு வந்து சேர்கிறது. "மின்கம்பியில் வரிசையாக, முள்கரண்டி மாதிரி வால்" என்றால் தகைவிலான். "புதருக்குள்ள டக் டக்னு நாக்கைத் தட்டுற சத்தம், ஆளைக் காணோம்" என்று நான்கு பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆளைக் கண்டுபிடிக்க டிசம்பர் ஆகிவிட்டது. நாணல் கதிர்க்குருவி அது, பழுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெட்டச் சொல்லி மனுக் கொடுத்தோமே, அதே புதர்தான் அதற்கு ஆறு மாத வீடு.

தப்பும் நடந்தது, திருத்தியும் இருக்கிறோம். டிசம்பரில் "செங்கால் நாரை" என்று மூன்று நாள் எழுதிவிட்டோம். கால் சிவப்பாகத் தெரிந்ததால் வந்த குழப்பம். மஞ்சள் அலகும், முதுகுக்குக் கீழே இளஞ்சிவப்பு இறகும் இருந்ததைப் பிறகு கவனித்தோம். அது மஞ்சள்மூக்கு நாரை. இங்கேயே இருக்கிற பறவை, தண்ணீர் இருக்கும் கண்மாய் தேடி அலைவது. புலவர்கள் பாடிய செங்கால் நாரை வேறு, அதன் அலகே பவளச் சிவப்பு. நோட்டில் அடித்துத் திருத்தித் தேதி போட்டிருக்கிறோம். தப்பாக எழுதியவர் வருத்தப்பட வேண்டியதில்லை. அவர் எழுதாமல் இருந்திருந்தால் நாம் ஒருவரும் அந்த அலகை உற்றுப் பார்த்திருக்க மாட்டோம்.

ஒரு காலையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மார்கழி முதல் வாரம். பனி தண்ணீர் மேலே புகை மாதிரி நின்றது. நடுக்கண்மாயில் நாமக்கோழிகள், கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாகச் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒன்றையொன்று நெருங்கி, கட்டி மாதிரி சேர்ந்துகொண்டன. சத்தம் அடங்கிப்போனது. என்ன என்று புரியவில்லை. அப்புறம்தான் சம்புக்கு மேலே ஆள் உயரத்தில் ஒரு பருந்து இறக்கையை வி போல உயர்த்தி வைத்துக்கொண்டு மெதுவாக மிதந்து வந்தது. சேற்றுப் பூனைப்பருந்து, அதுவும் குளிர்கால விருந்தாளி. நாமக்கோழிக் கட்டி தண்ணீரைக் காலால் அடித்து வாரி இறைத்தது. தனியாக விலகும் ஒன்றுக்காகப் பருந்து இரண்டு முறை வட்டமடித்தது. ஒன்றும் விலகவில்லை. அது போன பிறகு நிமிஷத்துக்குள் கட்டி கலைந்து, பழையபடி மேயத் தொடங்கிவிட்டன. நாங்கள் நடையை மறந்து அரைமணி நேரம் நின்றிருக்கிறோம். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர், "தினம் வரும்ங்க அது. நீங்கதான் கையை வீசிக்கிட்டு வேகமாப் போயிருவீங்க" என்றார்.

இன்னொன்று ஆறுமணிக்குருவி. அக்டோபர் கடைசியில் நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் விடியற்காலையில் மோதி விழுந்தது. அந்த அம்மா துண்டால் பொத்தி எடுத்து, செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். போய் மூடியை விரலளவு திறந்து பார்த்தேன். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, வயிறு சந்தனம், வாலடியில் குங்குமம் கொட்டினாற்போலச் சிவப்பு. வால் இருக்கிறதா என்றே தேட வேண்டும், அவ்வளவு குட்டை. மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. தண்ணீர் ஊட்டப் போனவர்களைத் தடுத்தோம். மயங்கிய பறவைக்கு வாயில் தண்ணீர் விட்டால் புரையேறிச் செத்துவிடும். இருட்டும் அமைதியும்தான் மருந்து. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டது. கொல்லையில் மருதாணிப் புதர் அடியில் பெட்டியைச் சாய்த்து வைத்தோம். வெளியே வந்து, இரண்டு தத்து தத்தி, சருகைப் புரட்டிப் புழு எடுத்துத் தின்றது. பிறகு புதருக்குள் போய்விட்டது.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இரவு நேரத்தில் பறந்தே தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. களைத்து இறங்கும்போது ஊருக்குள் மாட்டிக்கொள்கிறது. அழகாக இருக்கிறதே என்று கூண்டில் போட யாருக்காவது ஆசை வந்தால் சொல்லிவையுங்கள், 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் இதேதான். நம் உறுப்பினர் வீடு ஒன்றில் இருந்த கிளிக்கூண்டு தை மாதத்திலிருந்து இல்லை என்பதை, அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இங்கே மகிழ்ச்சியாகப் பதிவுசெய்கிறேன்.

பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்க நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் முதல்முறையாகக் கலந்துகொண்டோம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலன்று காலையில், வீட்டில் பால் பொங்குவதற்கு முன்னால் வந்து எண்ணிவிட்டுப் போன பெண் உறுப்பினர்களுக்குத் தனி நன்றி. காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, மடையான் என்று தெருவில் கிடைப்பதையும் விடாமல் எழுதினார்கள். சாதாரணப் பறவையின் எண்ணிக்கைதான் முக்கியம் என்பது என் கருத்து. சிட்டுக்குருவி குறைந்தது நமக்கு எப்போது தெரிந்தது? கண்ணில் படாமல் போன பிறகு. இருந்தபோது ஒருவரும் எண்ணி வைக்கவில்லை.

வெளியூர் நடை இரண்டு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி சரணாலயத்துக்கு வேனில் போய் வந்தோம். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. நத்தைகுத்தி நாரைகள் மரம் மரமாக உட்கார்ந்திருந்தன.

மற்றது மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அந்த வட்டாரத்து ஊர்களெல்லாம் திரண்டு நின்று, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது உங்களுக்குத் தெரியும். மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்து வந்தவர்களில் நம் உறுப்பினர்களும் சிலர் சேர்ந்து நடந்தார்கள். பிப்ரவரியில் போனபோது ஊர்க்காரர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அங்கன பாருங்கய்யா, அந்த வெள்ளைக் கறை தெரியுதுல்ல, அதுதான் அது உக்கார்ற இடம்" என்று பாறை உச்சியைக் காட்டினார். எச்சம் வழிந்த வெள்ளைக் கோடு. பத்து நிமிஷத்தில் குடைவரைக் கோயில் பக்கமிருந்து மாடப்புறாக்கள் சிதறி ஓடின, மேலே அம்பு மாதிரி ஒன்று. வல்லூறு என்பதில் சந்தேகமில்லை. அதில் லகர் வகையா, ஷாகீன் வகையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை, நோட்டில் "வல்லூறு" என்று மட்டும் எழுதினோம். இரண்டும் அங்கே உண்டு, போனெல்லி கழுகும் உண்டு.

குறைகளும் உண்டு. கரையின் கிழக்கு முனையில் இறைச்சிக் கழிவைக் கொட்டுகிறார்கள். நாய்கள் அதற்குப் பழகி, தண்ணீர் ஓரத்தில் மேயும் உள்ளான் பறவைகளைத் துரத்துகின்றன. விட்டுப்போன நைலான் வலையில் பாம்புத்தாராப் பறவை ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. கழுத்தில் வலைக்கண் இறங்கியிருந்தது. பெரியவரும் நானும் அரிவாளால் அறுத்தெடுத்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஒரு சாக்குப் பையும் கூடவே வருகிறது, கிடக்கிற வலைத் துண்டுகளைப் பொறுக்குவதற்கு.

இந்த அறிக்கை எழுதும் பங்குனிக் கடைசியில் சாம்பல் வாலாட்டி நோட்டில் இல்லை. சூறைக்குருவிகள் மட்டும் இலவ மரத்தில் பூவுக்குப் பூ தாவிக்கொண்டு, கூட்டம் கூட்டமாக, வந்தபோது இருந்ததைவிட நல்ல ரோஸ் நிறத்தில் இருக்கின்றன. மத்திய ஆசியா வரைக்கும் போக வேண்டும் அவை.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். போன ஆண்டு கொடுத்த மனுவைச் சங்கம் திரும்பப் பெற வேண்டும். பாம்புப் பயம் நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பார்த்தவை சாரையும் தண்ணீர்ப்பாம்பும்தான், ஆனாலும் பாதை தெரிந்து நடக்க வேண்டும். அதனால் நடைபாதையின் இருபுறமும் இரண்டடி மட்டும் சங்கச் செலவில் செதுக்கிவைப்போம். உள்சரிவுப் புதர், சம்பு, தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம் மூன்றையும் தொடக் கூடாது. நீலத் தாழைக்கோழி குஞ்சுகளோடு ஒளிகிறது அந்தச் சம்புக்குள்தான். சீமைக்கருவேலத்தை எடுக்க யாராவது வந்தால், தண்ணீர் வற்றிய பிறகு, கூடு இல்லை என்று நாம் ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகு எடுக்கச் சொல்லிக் கேட்போம். மனுவைத் திரும்பப் பெறும் கடிதம் என் பையில் தயாராக இருக்கிறது. முதல் கையெழுத்து நான் போட்டுவிட்டேன்.

நோட்டில் இன்னும் மூன்று பக்கம்தான் பாக்கி. அடுத்ததை டீக்கடைக்காரரே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல மடைப் பக்கம் கூடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்