சிமெண்ட் ரோட்டுக்கு ஒட்டுப் போடாதீர்கள்: உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்களுக்கும் ஓவர்சீயர்களுக்கும் வணக்கம்.

சிமெண்ட் ரோடு போட்டுவிட்டால் முப்பது வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று திறப்பு விழாவில் யாராவது பேசுவார்கள். பேசட்டும், மேடைக்கு அது அழகு. ஆனால் ஆபீஸிலும் அதையே நம்பிவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம். ரோடு போட்ட பிறகு அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியே கை வைத்தாலும் குழாய்க்காக வெட்டத்தான். சாலை வேலைகளில் மேற்பார்வையாளராகக் காலம் தள்ளியவன் நான். வெட்டிய இடத்தை மூடுகிற லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

2019இல் ஜல் ஜீவன் திட்டம் வந்த பிறகு எத்தனையோ கிராமத் தெருக்களில் சிமெண்ட் ரோட்டைப் பிளந்து குழாய் போனது. வீட்டுக்கு வீடு தண்ணீர் வருவது நல்ல காரியம், அதில் எனக்குக் குறையில்லை. ரோட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரேக்கரை வைத்து உடைக்கிறார்கள். ஓரம் கோணல்மாணலாகப் பிளந்து, அடியில் குடைந்து, மேலே பற்கள் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. தோண்டிய மண்ணையே ஜேசிபி திரும்பத் தள்ளுகிறது. அதன்மேல் கையால் கிளறிய கலவை, மட்டக்கோல் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். மறுநாளே மினி லாரி ஏறுகிறது. முதல் மழையில் அடிமண் அமுங்கும், கலவை அந்தரத்தில் நிற்கும், ஒரு மாதத்தில் இரண்டாகப் பிளக்கும். பிறகு ஒட்டின் மேல் ஒட்டு.

இதைச் சரியாகச் செய்வது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலையில்லை. கட்டர் மிஷினால் நேர்கோட்டில் வெட்ட வேண்டும். குழியின் அகலத்துக்கு மட்டும் வெட்டக் கூடாது. சிமெண்ட் ரோடு என்பது ஸ்லாப் என்கிற கான்கிரீட் பலகைகளின் வரிசை, இரண்டு ஸ்லாப்புக்கு நடுவில் விடுகிற சந்துதான் ஜாயிண்ட். தெருவில் ஸ்லாப்கள் சிறியவை. ஆகவே குழாய் போகிற ஸ்லாப்பை ஒரு ஜாயிண்டிலிருந்து அடுத்த ஜாயிண்ட் வரை முழுதாக எடுத்துவிடுவதுதான் உத்தமம். பழைய ஸ்லாப்பில் ஒரு முழ அகலத் துண்டை விட்டுவைத்தால் அது சீக்கிரமே உடைந்து போகும். குழியை 15 சென்டிமீட்டர் அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். புது ஸ்லாப்பின் ஜாயிண்ட், பக்கத்து ஸ்லாப்பின் ஜாயிண்டுக்கு நேராக வர வேண்டும். விலகினால் பழைய ஜாயிண்ட் புது ஸ்லாப்புக்குள் விரிசலாக ஓடிவிடும். மேன்ஹோலைச் சுற்றி இடைவெளி விட்டு, அமுங்கக்கூடிய அட்டையை வைக்க வேண்டும். மூடியின் மூலையிலிருந்து கோடு கிழித்த மாதிரி விரிசல் கிளம்புவது அந்த அட்டை இல்லாததால்தான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? தெரியும். எஸ்டிமேட்டில் இல்லை, அதுதான் சங்கதி. அளவுப் புத்தகத்தில் குழியின் நீளம், அகலம், ஆழத்துக்கு மட்டும்தான் காசு. ஸ்லாப்பை முழுதாக எடுத்தால் காண்டிராக்டருக்குக் கையைக் கடிக்கும். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. காசு ஸ்லாப் கணக்கில் வந்தால் வேலையும் ஸ்லாப் கணக்கில் நடக்கும்.

பெரிய ரோடுகளில் கனரக வண்டிகள் ஓடுவதால் இன்னொரு காரியமும் உண்டு. வெட்டி எடுத்த முகத்தில் துளை போட்டு, ஒரு ஸ்லாப்பின் பாரத்தை அடுத்த ஸ்லாப்புக்குக் கடத்துகிற டோவல் கம்பி செருகுகிறோம், வழக்கமாக 300 மில்லிமீட்டர் இடைவெளியில். துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, எபாக்சிப் பசையைத் துளையின் அடிவரை விட்டு, கம்பியைத் திருகிக்கொண்டே செருக வேண்டும். பாதிக் கம்பி இப்படிப் பழைய ஸ்லாப்பைப் பிடித்துக்கொள்ளும். வெளியே நிற்கும் மறுபாதி புதுக் கான்கிரீட்டுக்குள் வழுக்கி நகர வேண்டும், அதற்குத்தான் உறை அல்லது கிரீஸ். இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துவிட்டால் ஜாயிண்ட் ஜாயிண்டாக இருக்காது. ஸ்லாப் தனக்கு வசதியான வேறோர் இடத்தில் வெடித்துக்கொள்ளும்.

எல்லாச் சேதத்துக்கும் முழு ஆழம் எடுக்க வேண்டியதில்லை. ஓரம் பெயர்ந்திருக்கிறது என்றால் முதலில் ஓர் இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று சொல்லும், உள்ளே விட்டுப்போனது ‘பொத்’ என்று கேட்கும். ‘பொத்’ முடிகிற இடத்துக்கு மேலும் ஐந்து சென்டிமீட்டராவது தள்ளிச் சதுரமாக வெட்டுங்கள். கெட்டது ஸ்லாப் கனத்தில் மேல் மூன்றிலொரு பங்குக்குள் நின்றால், இப்படி வெட்டிச் செய்கிற ஒட்டுவேலை தாங்கும். அதைத் தாண்டிப் போயிருந்தால் முழு ஆழம்தான் வழி. ஓரத்தில் மெலிந்து தேய்கிற மாதிரி பூசியது எதுவும் நிற்காது.

அடுத்தது ஜாயிண்ட். உங்கள் ஊர்த் தெருவிலேயே குனிந்து பாருங்கள். மணல், ஜல்லிச் சில்லு, பாட்டில் மூடி, நடுவே அருகம்புல். நாலரை மீட்டர் ஸ்லாப் 30 டிகிரி சூடேறினால் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். நீள இடமில்லாமல் அந்தச் சில்லின்மேல் முட்டினால் உடைவது ஓரம். மழையில் அதே சந்து வழியாகத் தண்ணீர் இறங்கும். லாரி ஏறும்போது சேற்றுநீராகப் பீச்சிக்கொண்டு வெளியே வரும், அடியில் பள்ளம் விழும். ஜாயிண்ட் பக்கத்தில் சேற்றுக் கறை தெரிந்தால் மேலே பூசுவது வீண். துளையிட்டு அடியில் சிமெண்ட் பால் ஏற்ற வேண்டும்.

ஜாயிண்டை அடைப்பதற்குப் பெரிய செலவில்லை. பழையதைக் கிளறி எடுத்து, காற்றடித்து, நன்றாகக் காயவிட்டு, அடியில் நுரைக் கயிறு வைத்து, இழுபட்டுக் கொடுக்கும் அடைப்புப் பசையான சீலன்ட் ஊற்ற வேண்டும். கயிறு இல்லாவிட்டால் சீலன்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு, இழுபடும்போது கிழிந்துவிடும். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. சில மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும், டயர் பிய்த்துப் போகாது.

விரிசல் கண்டால் மேலே நாலு அங்குலம் போட்டு மறைக்கும் பழக்கத்தை விடுங்கள். அடியில் ஜாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே மேலேயும் பிளக்கும். அதைவிட மோசம், வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விடும். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் ரோடு போட வேண்டும் என்று அறிவுறுத்தினாரே, நினைவிருக்கிறதா? அவர் தார் ரோட்டுக்குச் சொன்ன காரணம் சிமெண்ட் ரோட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

கியூரிங், அதாவது புதுக் கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்து இறுகவிடுவது பற்றிப் பேசினால், அதுவரை தெருவை அடைக்க வேண்டுமே என்று கடைத்தெரு வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். பாதித் தெருவாக எடுத்துச் செய்யுங்கள், சாக்கு போட்டு ஈரம் காயாமல் வையுங்கள், நேரமில்லாத இடத்தில் சீக்கிரம் இறுகும் கலவையைக் கேளுங்கள். இவையெல்லாம் என் சொந்தச் சரக்கல்ல. சிமெண்ட் ரோடு பராமரிப்புக்கென்றே ஐஆர்சி எஸ்பி 83 என்ற கையேட்டை இந்தியச் சாலை காங்கிரஸ் வெளியிட்டிருக்கிறது.

நான் கேட்பது மூன்று. ரோடு வெட்ட அனுமதி கொடுக்கும்போதே கட்டர் வெட்டையும் முழு ஸ்லாப்பையும் எஸ்டிமேட்டில் சேருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், ஜாயிண்ட் அடைப்பதை வருடாந்தர வேலையாக்குங்கள். குழாய்க் காண்டிராக்டரின் டெபாசிட்டை ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்து, ஓவர்சீயர் கம்பியால் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே விடுவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப்பணி மேற்பார்வையாளர்