கீமோ நாட்களில் கும்பிடுவது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏத்தத் தொடங்க முதல் என்ன விரதம் பிடிக்கிறது, என்னத்தைப் படிக்கிறது எண்டு கேட்டிருந்தாய். விரதத்தை முதலே சொல்லிப்போடுறன்: ஒண்டும் வேண்டாம். வெள்ளியும் வேண்டாம், கந்தசட்டியும் வேண்டாம். அந்த மருந்து ஏறுற உடம்புக்கு முட்டை, மீன், பருப்பு போகவேணும். வருத்தக்காரர் விரதம் விடுறதில குற்றமில்லை. மச்சம் சாப்பிட்டிட்டு விளக்குக் கொளுத்தலாமோ எண்டு யோசிக்காதே. வாயைக் கொப்புளிச்சுப்போட்டுக் கொளுத்து.

மற்றதெல்லாம் சின்னனாய் இருக்கட்டும். ஒரே நேரம், ஒரே இடம், பத்து நிமிசம். சத்தி எடுத்து எழும்பின நாளிலையும் செய்யக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் அளவு. அரை மணித்தியாலப் பூசை எண்டு தொடங்கினால் மூண்டாம் நாள் தவறும். பிறகு "சாமிக்குக் குறை வைச்சிட்டன்" எண்டு அது வேற கவலை. எழும்ப ஏலாத நாளில படுத்தபடி நெற்றியில திருநீறு போட்டால் அண்டைக்கு அது காணும்.

விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்கு. தேங்காயெண்ணெய் உங்கட குளிருக்கு உறைஞ்சு திரியில ஏறாது. திரி ஒண்டு போதும். நுனியை ஒரு நெல்லளவு மட்டும் வெளியில விடு, கூட நீட்டினால் புகைக்கும். ஈரத்திரி படபடவெண்டு வெடிக்கும், அதால நல்லாய்க் காயவைச்சு முதல் நாளே எண்ணெயில ஊறவிடு. சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் மூண்டையும் நிப்பாட்டு. கீமோவோட மணம் ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒருக்கா அந்த மணத்தோட சத்தி வந்தால் பிறகு கோயில் வாசலில கால் வைச்சாலே வயித்தைப் பிரட்டும். ஆஸ்பத்திரியில பற்றறி விளக்கு வை. ஒட்சிசன் பூட்டியிருக்கிற அறையில நெருப்புக்குச்சியே தட்டக்கூடாது.

திருநீறு அனுப்பியிருக்கிறன், சாணம் சுட்ட நீறு. நெற்றிக்கு மட்டும். நாக்கில போடாதே. கதிர்ச்சிகிச்சை தொடங்கினால் நெஞ்சு, தோள் பக்கம் நீறோ சந்தனமோ படக்கூடாது. அந்தத் தோல் வெந்த தோல் மாதிரி, தூள் உரசினால் எரியும்.

பதிகம் ஒண்டு போதும். சம்பந்தர் பாண்டியன்ர வெப்புநோய்க்குப் பாடின திருநீற்றுப் பதிகம் உனக்குப் பாடம். பதினொரு பாட்டையும் இழுக்காதே, முதல் பாட்டை மெதுவாய் மூண்டுதரம் சொல்லு. மனம் கொதிக்கிற நாளில அப்பர்ர முதல் பதிகத்துக்குப் போ. சூலை நோயில குடலை முறுக்குது, தாங்கேலாது எண்டு திருவதிகையில நிண்டு முறைப்பட்டவர் அவர். வருத்தம் வந்தால் பொறுமையாய்ச் சிரிச்சுக்கொண்டிருக்கவேணும் எண்டு ஆரும் சொன்னால் கேளாதே. அழுகையும் கோபமும் கும்பிடுறதுக்குள்ளதான். எங்கட வற்றாப்பளைக் கண்ணகை அம்மனும் கோபக்காரிதானே.

ஊசி குத்தேக்கையும் இரவில நித்திரை வராதபோதும் "நமசிவாய" போதும். மூச்சை இழுக்கேக்க ஒண்டும் சொல்லாதே, விடேக்க இழுத்துச் சொல்லு. நாலு விரலில பன்னிரண்டு கணு இருக்கு, பெருவிரலால எண்ணு. அப்ப மூச்சு தானாய் மெதுவாகும். செபமாலை சொன்னாலும் மந்திரம் சொன்னாலும் நிமிசத்துக்கு ஆறு மூச்சளவுக்கு இறங்குது எண்டு 2001 இல ஒரு வைத்தியச் சஞ்சிகையில ஆய்வு வந்தது. அதுக்கு மேல அடக்கிப் பிடிக்காதே, தலை சுத்தும்.

கையில கட்டுற கோயில் நூல் விசயம் கவனம். பெண்பிள்ளையளுக்கு இடக்கையில கட்டுறதுதான் வழக்கம். உனக்குக் கக்கத்து நிணக்கணு எடுத்ததும் இடப்பக்கம். அந்தக் கையில இறுக்கமாய் ஒண்டும் கட்டாதே, வீங்கினால் லேசில வத்தாது. மற்றக் கையில ஊசி ஏறும், நனைஞ்ச நூல் அழுக்குப் பிடிச்சுக் கிருமி சேரும். தலையணைக்குக் கீழ வை. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகேக்க அச்சரக்கூட்டை, அதுதான் தாயத்தை, கழட்டிப்போட்டுப் போ, கழட்டினால் காவல் போகாது.

வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில எண்ணெய்க்குப் பதிலாய் விளக்கெரிக்கிற கடல்தண்ணித் தீர்த்தத்தில ஒரு போத்தல் கிடைச்சால் அனுப்பட்டோ எண்டு சித்தி கேட்டா. வேண்டாம் எண்டிட்டன். கீமோ ஏறி ஏழாம் நாளிலயிருந்து ரெண்டாம் கிழமை முடியுமட்டும் கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளணு இரத்தத்தில நல்லாய்க் குறையும். அப்ப கோயில் தீர்த்தம் குடிக்காதே, பஞ்சாமிர்தம் தின்னாதே, திருவிழாச் சனத்துக்குள்ள போகாதே. காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் விளக்கை நூத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் அடி. பனடோலைப் போட்டிட்டுப் பாப்பம் எண்டு இருக்காதே, அது காய்ச்சலை மறைச்சுப்போடும்.

நேர்த்திக்கடன் நீ வைக்காதே. தீச்சட்டி, காவடி எண்டு வாயில வந்திடும். நிணக்கணு எடுத்த கைக்குச் சூடும் பாரமும் ஆகாது. பிறகு செய்யேலாமல் கடன் மாதிரி நெஞ்சில கிடக்கும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு ரெண்டு கொத்து அரிசியில ஒரு பானைப் புக்கை நான் நேர்ந்திருக்கிறன். மஞ்சள் துணியில காசும் முடிஞ்சு சாமியறையில வைச்சாச்சு. எந்த வைகாசி எண்டு சொல்லேல்லை. சுகமாக்கினால்தான் பொங்குவன் எண்டு பேரமும் பேசேல்லை.

ஊர் முழுக்க உனக்காகக் கும்பிடச் சொல்லவுமில்லை. 2006 இல அமெரிக்காவில, இதய பைபாஸ் செய்த 1,802 பேரை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை. முன்பின் தெரியாத ஆக்கள் செபிச்சதால சிக்கல் குறையேல்லை. தங்களுக்காகச் செபிக்கினம் எண்டு நிச்சயமாய்த் தெரிஞ்ச ஆக்களுக்கு அது கொஞ்சம் கூடத்தான் வந்தது. ஏன் எண்டு அவையாலயும் உறுதியாய்ச் சொல்லேலாமல் போச்சு. எனக்குப் படுறது, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம், நான் தேறிக் காட்டவேணும் எண்ட பாரம். அதால சித்திக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா மடுமாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறா, நீ ஆருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

நீ காலமை எட்டு மணிக்குக் கொளுத்து. இங்க அப்ப பின்னேரம் அஞ்சரை, நானும் கொளுத்துவன். போன் எடுக்கத் தேவையில்லை. நவம்பரில நீங்கள் மணிக்கூட்டை மாத்தினால் எனக்கு ஆறரை ஆகும். மறக்காமல் ஞாபகப்படுத்து.

அம்மா